கூட நிக்கிற ஆள்

1992 இல் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் ஒரு மின்குமிழ் தொங்கிக்கொண்டிருந்தது. அது எரிந்து நான் கண்டதில்லை. 1990 இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் கொள்ளை விலை.

வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல்தான். வெறும் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. சுவாலை போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றுக்கு அணையாது. எண்ணெயும் கனநேரம் நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதினார்கள். நாங்கள் அந்த வெளிச்சத்தில் பிள்ளை எடுத்தோம். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. எங்கே பிடித்தால் தையல் போடுகிறவருக்கு இடம் தெரியும், எங்கே பிடித்தால் தாயின் கண்ணில் குத்தும் என்று பழகவே பல இரவுகள் எடுத்தன.

“வெளிச்சம் எனக்குத்தான் வேணும் பிள்ளை, அவவின்ரை முகத்துக்கு வேண்டாம். அவ கண்ணை மூடிக்கொண்டு கிடக்கட்டும்” என்பார் மிட்வைவ் அக்கா.

அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவர்தான் மிட்வைவ். பகலில் சைக்கிளில் வீடு வீடாகப் போவார், இரவில் பிரசவம் பார்ப்பார். ஒருத்திக்குப் பிள்ளை வருகிற நேரம் அடுத்த கட்டிலில் இன்னொருத்திக்குக் குத்து தொடங்கிவிட்டால் அவரால் இரண்டு பக்கமும் நிற்க முடியாது. அந்த இரண்டாவது பக்கத்தில் நின்றவர்கள் நாங்கள்: உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடம் அடிக்கடி பூட்டப்பட்டதால் வீட்டில் இருந்த ஊர்ப் பெட்டையள். வரவுப் பதிவேட்டில் எங்கள் பெயருக்கு நேரே ‘தொண்டர்’ என்று எழுதியிருக்கும். சம்பளம் கிடையாது. எப்போதாவது ஒரு நிறுவனம் கொஞ்சம் கொடுப்பனவு தரும், பிறகு அந்த நிறுவனம் போய்விடும்.

நான் போகத் தொடங்கியபோது வீட்டில் பெரிய சண்டை. மாமிமார் ஒன்றுகூடி வந்து அம்மாவைக் கேட்டார்கள்: “படிச்ச பிள்ளையை மருத்துவிச்சி வேலைக்கோ விடுறாய்?” யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேறு பார்ப்பது நெடுங்காலம் குடிமைத் தொழிலாகத்தான் இருந்தது. குறிப்பிட்ட சாதிப் பெண்கள்தான் வரவேண்டும். நெல்லும் பழஞ்சேலையும்தான் கூலி. பிள்ளையைக் கையில் ஏந்தி எடுத்தவளைத் துடக்குக் கழிந்த பிறகு வீட்டுக்குள் ஏற்றாத வீடுகள் இருந்தன. தாயும் பிள்ளையும் பிழைத்தது யாரால் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவளை முற்றத்தில் நிறுத்தினார்கள். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

இத்தனைக்கும் இந்த அறிவுக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் பிரசவ வைத்திய நூலொன்றை 1857 இல் தமிழில் கொண்டுவந்தார். ஆனால் ஆண் வைத்தியரிடம் போக எங்கள் பெண்கள் சம்மதிக்கவில்லை. அதனால்தான் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று மக்லியொட் ஆஸ்பத்திரி 1898 இல் எழுந்தது. லீச் சகோதரிகள் இருவர் கடல் கடந்து பணம் திரட்டிக் கட்டிய ஆஸ்பத்திரி அது. அங்கே வேலை செய்யவென்று கனடாவிலிருந்து வந்த வைத்தியர் மேரி இர்வினை, ஒரு தமிழரை மணம் முடிக்க நின்றதற்காக மிஷன் ஏற்காமல் விட்டது. பின்னாளில் கொழும்பில் பெண்களின் உரிமைக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் உழைத்துப் பெயரெடுத்த மேரி இரத்தினம் அவர்தான். யாழ்ப்பாணம் இழந்த ஆட்களின் பட்டியலை எழுதினால் அவர் பெயரையும் அதில் சேர்க்கவேண்டும்.

மிட்வைவ் அக்காவின் தாயார் இணுவிலில் தாதியாக இருந்தவர். அக்காவிடம் ஒரு மரக்குழல் இருந்தது, தாயின் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க. பற்றரி தடையென்பதால் சாவி கொடுக்கிற கைக்கடிகாரம். குத்து ஒன்று வந்து தணிந்ததும் குழலை வைப்பார், நான் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முடியும்போது “காணும்” என்பேன். நூற்றிருபதுக்கும் நூற்றறுபதுக்கும் இடையில் இருந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது. குறைந்தால் எழும்பி வாசலுக்குப் போய், யாரிடம் ஓடக்கூடிய வாகனம் இருக்கிறது என்று மெல்லிய குரலில் கேட்பார். கார்கள் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடிய காலம். சிலரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

பிள்ளை பிறந்த பிறகுள்ள முதல் ஒரு மணித்தியாலத்தைப் பற்றித்தான் அக்கா எங்களை ஓயாமல் எச்சரித்தார். பிள்ளையைப் பார்க்கிற சந்தோசத்தில் எல்லோரும் தாயை மறக்கிற நேரம் அது. தாய் இரத்தம் போயே சாகிறாள். என் கையைப் பிடித்துத் தாயின் தொப்புளுக்குக் கீழே வைத்து அமத்திக் காட்டினார். “இது கல்லு மாதிரி இருக்கவேணும். மெத்தெண்டு இருந்தால் சுத்திச் சுத்தித் தேய். இறுகும்வரைக்கும் கையை எடுக்காதை. என்னைக் கூப்பிடு, ஆனால் கையை எடுக்காதை.” கருப்பை சுருங்கப் போடுகிற ஊசிமருந்தைக் குளிரில் வைக்கவேண்டும்; மின்சாரம் இல்லாத ஊரில் அந்தக் குளிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே எங்கள் கைதான் முதல் மருந்து. உள்ளங்கைக்குக் கீழே அந்தத் தசை மெல்லத் திரண்டு இறுகுவதை நான் முதன்முதலில் உணர்ந்த இரவில்தான் இந்த வேலையை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

1995 ஒக்டோபர் 30 அன்று போரால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தெருவில் இறங்கியது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஆட்கள் ஒரு அடி வைக்க நேரமெடுத்து நகர்ந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் எத்தனை பிள்ளைத்தாச்சிகள் இருந்தார்கள் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், நான்கு பெண்கள் சேலைகளைப் பிடித்து மறைப்புக் கட்ட, ஒருத்தி பெற்றாள். மிட்வைவ் அக்கா எங்களைவிட்டுப் பிரிந்துபோயிருந்தார். என்னோடு நின்றவள் என் வயதுத் தொண்டர் ஒருத்தி, அவளும் நானும்தான். கொடி வெட்டப் புதுச் சவர அலகு ஒன்றும், கட்ட அவித்தெடுத்த நூலும் அவளுடைய பையில் இருந்தன. வீட்டைவிட்டு ஓடும்போது எல்லோரும் நகையும் உறுதியும் எடுத்தார்கள், அவள் அதைத்தான் எடுத்திருக்கிறாள். தாயின் தலையை மடியில் வைத்திருந்தவள் ஆரோ தெரியாத ஒரு கிழவி, அவளுடைய சொந்தப் பிள்ளைகள் எங்கே என்று அவளுக்கே அன்றைக்குத் தெரியாது.

சவர அலகு எடுத்துவந்த அந்தச் சிநேகிதியைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத நினைத்தது.

நான் ஊருக்குத் திரும்பி வந்து, தனியார் பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதிச் சித்தியடைந்து, மிட்வைவ் பயிற்சிக்குத் தெரிவானேன். பதினெட்டு மாதம்: ஒரு வருடம் பாடசாலையும் விடுதியும், ஆறு மாதம் களம். அரைவாசிப் பாடம் ஏற்கெனவே கையில் இருந்தது. சிநேகிதிக்குச் சாதாரண தரத்தில் ஒரு பாடம் குறைவு. சோதனை நடந்த கிழமை அவளுடைய ஊரில் செல் விழுந்துகொண்டிருந்தது என்று விண்ணப்பப் படிவத்தில் எழுத இடமில்லை. அவள் தொண்டராகவே நின்றாள். போர் இறுகியது, தளர்ந்தது, 2002 இல் ஏ9 வீதி திறந்தது, 2006 இல் பூட்டியது, ஊரடங்கு இரவுகளில் வெள்ளைத் துணி பிடித்துக்கொண்டு பிள்ளைத்தாச்சியோடு அம்புலன்ஸில் போனவளும் அவள்தான். “அடுத்த முறை நியமனம் வரும்” என்று ஒவ்வொரு அதிகாரியும் சொன்னார்கள். போர் முடிந்த 2009 க்குப் பிறகு வெற்றிடங்கள் நிரப்பப்பட்டபோது அவளுடைய வயது எல்லையைத் தாண்டிவிட்டது. வேலை செய்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். இடம்பெயர்வில் பழைய வரவுப் பதிவேடு தொலைந்துபோயிருந்தது. வடக்கில் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு யாழ்ப்பாணத்தில் கொட்டில் போட்டுக் குந்தியிருந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்களில் நரைத்த தலைகளைக் கண்டு, ஏன் இந்த வயதில் வேலை கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களும் உண்டு. வேலை அவர்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். கேட்டது அதற்கான கடிதத்தை.

நான் இப்போது குடும்பநல உத்தியோகத்தர். வெள்ளைச் சட்டை, ஸ்கூட்டி, கைப்பேசி, என் பிரிவிலுள்ள ஒவ்வொரு பிள்ளைத்தாச்சிக்கும் ஓர் அட்டை. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் தொடர்ச்சி நாங்கள். ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒரு மிட்வைவ் என்பது கணக்கு. வெற்றிடம் உள்ள இடத்தில் ஒருத்தியே இரண்டு பிரிவு பார்ப்பாள். இலங்கையில் 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது முப்பது, நாற்பது என்ற அளவில் நிற்கிறது. இலவச மருத்துவமும் பெண்களின் படிப்பும் இதற்குக் காரணம் என்பார்கள். உண்மை. சைக்கிளில் வீட்டு வாசலுக்குப் போன பெண்களும் காரணம் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

1990 என்றால் என் வயதுக்காரருக்கு மின்சாரம் நின்ற வருடம். இன்றைய பிள்ளைத்தாச்சிக்கு அது அம்புலன்ஸ் இலக்கம். 2018 இல் சுவசெரிய சேவை வடக்குக்கு வந்த பிறகு, அந்த இலக்கத்தை அழுத்தினால் ஒட்சிசனோடு வண்டி வருகிறது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அனுப்பியவர்களுக்குத்தான் அதன் அருமை முழுதாகத் தெரியும். நெடுந்தீவுத் தாய்மாருக்கு மட்டும் இன்றும் கடல் நடுவில் கிடக்கிறது. நாள் நெருங்க முன்னரே குறிகாட்டுவானுக்குப் படகேறி வந்து யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் காத்திருக்கச் சொல்கிறோம்.

வீடுகளும் மாறிவிட்டன. முன்னர் கிடுகு வேலி, வேலியில் ஒரு பொட்டு. ஒரு வீட்டில் குத்துத் தொடங்கினால் பொட்டுக்குள்ளால் செய்தி நாலு வளவு தாண்டும்; ஒருத்தி சுடுதண்ணி வைப்பாள், ஒருத்தி மூத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள். நானும் றோட்டைச் சுற்றாமல் பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். இப்போது வெளிநாட்டுக் காசில் எழுந்த மதில், பூட்டிய கேற், கமரா. மணியை அடித்துவிட்டு வெயிலில் நிற்கிறேன். உள்ளே ஐந்து அறை, பளிங்குத் தரை, பிள்ளை பெற்று ஆறு நாளான ஒருத்தி தனியே. புருசன் வேலைக்கு, மாமியார் கனடாவில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போய்விட்டார். தாயார் உயிரோடு இல்லை. அங்கே ஒரு பிள்ளைப்பேற்றுக்கு இங்கிருந்து ஆளை அனுப்புகிறோம். இங்கே பெற்றவளுக்கு ஆள் இல்லை.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூள் கடையில் பைக்கற்றாகக் கிடைக்கிறது. கறி வைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். வேதுத்தண்ணி வார்க்க ஆள் வேண்டும். பால்சுறா வறுத்துக் கொடுத்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு, “நீ கொஞ்சம் படு” என்று சொல்ல ஆள் வேண்டும். பழைய முப்பத்தொரு நாள் துடக்கில் ஒதுக்கிவைத்தலும் இருந்தது, ஓய்வும் இருந்தது. ஒதுக்கலை நாங்கள் விட்டது நல்லது. ஓய்வையும் சேர்த்து விட்டுவிட்டோம். பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. எடின்பரோவில் 1987 இல் செய்த பத்துக் கேள்வி, நாங்களும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்டால் நாலாவது கேள்விக்குள் அழுதுவிடுகிறார்கள். நின்றுகொண்டு கேட்டால் பத்துக்கும் “ஒண்டுமில்லை மிஸ்” என்கிறார்கள். எனக்கு இருக்க நேரம் வேண்டும். ஆனால் நிரப்பவேண்டிய பதிவேடுகளின் எண்ணிக்கை வருடம்தோறும் கூடுகிறது, பெண்களின் எண்ணிக்கை கூடுவதில்லை.

ஆஸ்பத்திரியிலும் இதே கதை. ஸ்கான் உண்டு, பிள்ளையின் துடிப்பைத் தாளில் கீறுகிற இயந்திரம் உண்டு. 2016 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிறப்பு சத்திரசிகிச்சையால் நடந்தது. அவற்றில் பல உயிர்களைக் காத்தவை. 1992 இல் அந்த வசதி எங்களுக்கு அருகில் இருந்திருந்தால் நான் சில தாய்மாரை இழந்திருக்கமாட்டேன். ஆனால் குத்து வருகிற நேரம் முதுகைத் தேய்க்க ஆள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட பரிந்துரையில், பிரசவத்தின்போது தாய் விரும்பிய ஒருவர் கூட இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அப்படி இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சத்திரசிகிச்சையும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எங்கள் நாட்டிலும் ஒரு பெண்ணைத் துணைக்கு விடலாம் என்பதே கொள்கை. திரைச்சீலையும் இடமும் உள்ள விடுதியில் நடக்கிறது, இல்லாத விடுதியில் நடக்காது. சம்பளமில்லாத ஊர்ப் பெட்டையளும் தெரியாத கிழவிகளும் செய்தது இப்போது ஆய்வின் முடிவாக எங்களுக்குப் படிப்பிக்கப்படுகிறது. அந்த வகுப்பில் நான் சிநேகிதியை நினைத்துக்கொண்டு இருந்தேன்.

என் அண்ணன் மகள் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் மற்றேர்னிற்றி சப்போர்ட் வேர்க்கர். என்ன வேலை என்று வட்ஸ்அப்பில் கேட்டேன். “மிட்வைவுக்கு உதவி மாமி. பிறஷர் பார்க்கிறது, கட்டில் ஆயத்தம் பண்ணுறது, பால் குடுக்கப் பழக்கிறது, சத்திரசிகிச்சை செய்த ஆக்களை எழுப்பி நடத்திறது. பயந்து போயிருக்கிறவையோடை கதைக்கிறது.” இங்கிலாந்தில் 2019 இல் இந்த வேலைக்கென்று ஒரு தேசிய வரைச்சட்டகம் வகுத்திருக்கிறார்கள்: எந்தப் படியில் என்ன தெரியவேண்டும், என்ன பயிற்சி, அடுத்த படிக்கு எப்படி ஏறுவது, விரும்பினால் மிட்வைவ் படிப்புக்குப் போகும் வழி என்ன. அவள் இரண்டாவது படியில் சேர்ந்து இப்போது மூன்றாவதில் நிற்கிறாள். சம்பளச் சிட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். எனக்குச் சந்தோசம்தான். அதே வேலையைச் சிநேகிதி பதினேழு வருடத்துக்கு மேல் செய்தாள், அவளுக்கு முதல் படியே இருக்கவில்லை.

இங்கேயும் அப்படியொரு படி வேண்டும். மிட்வைவ் ஆக உயர்தரம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. படிப்பு இல்லாமல் ஊசி போடக்கூடாது. ஆனால் கூட நிற்கிற வேலைக்கு, ஆறு மாதப் பயிற்சியும் ஒரு பெயரும் ஒரு சம்பளமும் கொடுத்து, பிறகு படித்து மேலே ஏறவும் வழி விடுவதில் அரசுக்கு என்ன கஷ்டம்? அதற்கு ஆள் இல்லாமல் இல்லை. 2022 இல் பெற்றோல் இல்லாமல் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பழைய சைக்கிளை எடுத்தேன். தாய்மாருக்குக் கொடுக்கிற திரிபோஷாச் சத்துமாவும் அந்த நாட்களில் தட்டுப்பாடு. அன்று என்னால் போகமுடியாத ஒழுங்கைகளில் தாய்மாரைப் பார்த்துவந்து சொன்னவர்கள் அந்தந்த ஒழுங்கையில் இருந்த பெண்கள்தான். இப்போதும் சொல்லிக் கேட்டால் வருவார்கள். சும்மா வரச்சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன மாசம் என் சின்ன மாமி, அன்றைக்கு வந்து சண்டை பிடித்தவர்களில் ஒருவர், தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். உயர்தரம் எழுதிவிட்டாள். “இவளையும் உன்ரை வேலைக்கு எடுத்துவிடு மோனை, அரசாங்க வேலையெல்லோ” என்றார். பழைய கதையை நான் எடுக்கவில்லை. அவருக்கு ஞாபகமும் இராது. வர்த்தமானி அறிவித்தல் வரட்டும், விண்ணப்பிக்கலாம் என்றேன். பிள்ளை அதுவரை சும்மா இருக்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மகப்பேற்று விடுதியில் நிற்கிறாளாம், நாட்கூலிக்கு.

“என்ன செய்யிறனி அங்கை?”

“தாய்மாரை நடத்திறது, பிள்ளையைத் துடைக்கிறது, இரவிலை கூட நிக்கிறது. சில நேரம் பிறஷரும் பார்க்கச் சொல்லுவினம்.”

“ஆர் பழக்கினது?”

“ஒருத்தரும் இல்லை. பார்த்துப் பழகினது.”

“நியமனக் கடிதம்?”

“தரேல்லை அன்ரி.”

“சம்பளச் சிட்டை?”

“கையிலைதான் காசு தருவினம்.”

சனிக்கிழமைகளில் அவளை வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன். பிறஷர் பட்டியைக் கட்டுவதிலிருந்து தொடங்கியிருக்கிறோம். பிள்ளை பிறந்த பிறகு தாயின் வயிற்றில் கை எங்கே வைப்பது என்று தலையணையில் காட்டினேன். எல்லாவற்றுக்கும் முதல், எந்தத் திகதியிலிருந்து என்ன வேலை செய்கிறாள் என்று ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தி வாங்கச் சொன்னேன். அவள் போய்க் கேட்டிருக்கிறாள். இன்னும் கொடுக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். அவளோடு கூடப் போய்க் கேட்கப்போகிறேன்.